தேசியப் போட்டி ஆணையம் சோதனைக்கு வந்தால்: ஐரோப்பாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு ஒரு கையேடு

ஐரோப்பியப் போட்டிச் சட்டம் என்றதும் பலருக்கும் பிரஸ்ஸல்ஸ், அதாவது அங்குள்ள ஐரோப்பிய ஆணையம்தான் நினைவுக்கு வரும். ஆனால் காலை ஒன்பது மணிக்கு அலுவலக வாசலில் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். பான் நகரிலிருந்து ஜெர்மன் கார்டெல் அலுவலகத்தார் வரலாம். ரோமிலிருந்து, நிதிக் காவல் படையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இத்தாலிய ஆணையத்தார் வரலாம். டப்ளின், மாட்ரிட், வார்சா என்று நாட்டுக்கு ஒரு ஆணையம் உண்டு. 1/2003 ஒழுங்குவிதி 2004 மே 1 முதல் நடப்புக்கு வந்தபின், ஐரோப்பிய ஒன்றியச் செயற்பாட்டு ஒப்பந்தத்தின் 101, 102 ஆகிய பிரிவுகளை இவர்களே நேரடியாக அமல்படுத்துகிறார்கள். போட்டியாளர்கள் கூடிப்பேசி விலை வைப்பது (கார்டெல்) போன்றவை 101-இல் வரும். சந்தையில் ஆதிக்கம் உள்ளவர் அதைத் தவறாகப் பயன்படுத்துவது 102-இல் வரும்.

பிரிவுகள் பொதுவாக இருந்தாலும் கையிலிருந்த ஆயுதங்கள் பொதுவாக இல்லை. ஒரு நாட்டு ஆணையம் தானே அபராதம் போடும். அயர்லாந்தில் அதற்கு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. இதைச் சரிசெய்ய வந்ததுதான் 2019/1 நெறியாணை. ஒவ்வொரு தேசிய ஆணையத்துக்கும் குறைந்தபட்சம் என்னென்ன அதிகாரம் இருக்க வேண்டும் என்று அது வகுத்தது. அதைச் சொந்தச் சட்டத்தில் சேர்த்துக்கொள்ள உறுப்பு நாடுகளுக்கு 2021 பிப்ரவரி 4 வரை கெடு தரப்பட்டது. ஜெர்மனி அதே ஆண்டு ஜனவரியில் முடித்துவிட்டது. அயர்லாந்தின் சட்டம் நடப்புக்கு வர 2023 செப்டம்பர் ஆனது. நெறியாணை வகுத்தது குறைந்தபட்சம் மட்டுமே என்பதால், அதற்கு மேல் அதிகாரம் கொடுத்திருக்கும் நாடுகளும் உண்டு. உங்கள் அலுவலகம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதல் அரை மணி நேரம்

வந்தவர்களின் அடையாள அட்டையையும் அவர்கள் கையிலுள்ள உத்தரவையும் வாங்கி நகலெடுங்கள். எந்தச் சட்டத்தின்கீழ் வந்திருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். பிரஸ்ஸல்ஸ் ஆணையமே வந்திருந்தால் 1/2003-இன்படி நடக்கும். உள்ளூர் ஆணையத்தார் கூட நின்று உதவுவார்கள். தேசிய ஆணையம் சொந்தமாக வந்திருந்தால் அந்நாட்டு நடைமுறை பொருந்தும். ஜெர்மனியிலும் பிரான்சிலும் நீதிபதியின் அனுமதி கையில் இருக்கும். இத்தாலியில் ஆணையத்தின் முடிவே போதும். மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. வேறொரு நாட்டு ஆணையம் கேட்டுக்கொண்டதற்காக உங்கள் நாட்டு ஆணையம் வரும். கேட்டவர்களின் அதிகாரிகளும் உள்ளூர்க்காரர்களின் மேற்பார்வையில் கூடவே தேடலாம்.

அடுத்து, விசாரணையின் பொருளும் நோக்கமும் எழுதப்பட்டிருக்கும் பத்தியைப் படியுங்கள். எந்தப் பொருள், எந்தச் சந்தை, எந்த வகை நடத்தை, எந்தக் காலம் என்பது அதில் இருக்கும். நாள் முழுவதும் உங்களுக்கு வேலி அந்தப் பத்திதான். அதை நகலெடுத்து, அதிகாரிகளுடன் நிற்கப்போகும் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். உத்தரவு சிமெண்டைப் பற்றியது என்றால், கான்கிரீட் குழாய் விற்பனைக் கோப்பை அதிகாரி எடுக்கும்போது அதை அங்கேயே சுட்டிக்காட்டிக் குறித்துவைக்க அந்த நகல் வேண்டும்.

வழக்கறிஞரை உடனே கூப்பிடுங்கள். அவர் வந்து சேரும்வரை அதிகாரிகள் சற்று நேரம் காத்திருப்பது வழக்கம். ஆனால் அது அவர்கள் கடமை அல்ல. அவர் வரும்வரை யாரையும் உள்ளே விட மாட்டோம் என்று கதவை அடைத்தால், அந்த நிமிடமே தடங்கல் செய்ததாகிவிடும்.

உத்தரவில் பிழை இருப்பதாகத் தோன்றினாலும் வாசலில் நின்று வாதாடாதீர்கள். ஆட்சேபத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டு உள்ளே விடுங்கள். பிழையான சோதனையை நீதிமன்றத்தில் பிறகு வீழ்த்த முடியும். செக் நாட்டு ஆணையம் ஒரு ரொட்டித் தயாரிப்பு நிறுவனத்தில் நடத்திய சோதனையை, முன் அனுமதியும் இல்லை, பின்னால் முறையான நீதிமன்ற மறுஆய்வும் இல்லை என்ற காரணத்தால் 2014-இல் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் உரிமை மீறல் என்றது. அதே ஆட்சேபத்தை வாசலில் உடலால் தடுத்துக் காட்டியிருந்தால் விளைந்திருக்கக்கூடியது அபராதம்தான்.

கணினிப் பிரிவு செய்ய வேண்டியது

சோதனை இன்று காகிதத்தில் நடப்பதில்லை. சேமித்து வைத்த ஊடகம் எதுவானாலும், சோதனைக்குள்ளான நிறுவனம் எட்டக்கூடிய தகவல் அனைத்தையும் பார்க்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 'எட்டக்கூடிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை. உங்கள் மேசையிலிருந்து திறக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. லேப்டாப், கைபேசி, கிளவுட், படிக்காத அஞ்சல், அழித்த அஞ்சல் எல்லாம் இதில் அடங்கும். அலுவலக வேலைக்குப் பயன்படுத்தும் சொந்தக் கைபேசியையும் கேட்பார்கள். இதில் தனிப்பட்ட தரவு இருக்கிறது, தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தர முடியாது என்று மறுப்பது அடிக்கடி கேட்கும் பதில், அது எடுபடாது.

முதலில் கேட்பது, குறிப்பிட்ட சிலரின் அஞ்சல் கணக்குகளை முடக்கும்படிதான். இங்கேதான் நல்லெண்ணம் கொண்ட ஆட்களே மாட்டிக்கொள்கிறார்கள். 2009-இல் பிராகில் ஒரு மின்நிறுவனக் குழுமத்தில் பிரஸ்ஸல்ஸ் நடத்திய சோதனையில், முடக்கச் சொன்ன கணக்கு ஒன்றின் கடவுச்சொல் இடையில் மாற்றப்பட்டு உரிமையாளர் உள்ளே போக முடிந்தது. அது தவிர, முடக்கிய கணக்குகளுக்கு வர வேண்டிய புதிய அஞ்சல்கள் வேறு சர்வருக்குத் திருப்பப்பட்டன. 2012-இல் அபராதம் 25 லட்சம் யூரோ. ஒரு மேலாளர் உதவி மையத்தைக் கூப்பிட்டு, என் அஞ்சல் திறக்கவில்லை, சரிசெய்து கொடுங்கள் என்றால் போதும்; இதே நிலை எங்கும் வரும்.

உதவி மையம் வேறு கண்டத்தில் இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. ஐரோப்பிய நிறுவனங்கள் பலவற்றுக்கு அந்த வேலை சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ நடக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் காலை 9 மணி என்றால் சென்னையில் கோடையில் 12:30, குளிர்காலத்தில் 1:30. ஷிப்டில் பாதிப்பேர் சாப்பாட்டுக்குப் போயிருக்கும் நேரம். பட்டியலில் உள்ள கணக்குகளுக்குக் கடவுச்சொல் மாற்றக் கூடாது, அஞ்சலைத் திருப்பும் விதிகள் மாற்றக் கூடாது, தானாக அழியும் அமைப்பை உடனே நிறுத்த வேண்டும் என்ற மூன்று கட்டளையும் பெயர் போட்டு, நேரம் போட்டு, எழுத்தில் போக வேண்டும். அங்கிருந்து 'பெற்றேன், செய்தேன்' என்ற பதிலும் எழுத்தில் வந்து சேர வேண்டும். ஷிப்டு மாறும்போது இதை அடுத்தவரிடம் ஒப்படைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். தடங்கல்கள் பெரும்பாலும் நுழைவது ஷிப்டு மாறும் அந்த இடைவெளியில்தான்.

ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரே வரியில் அறிவிப்பு அனுப்புங்கள்: எதையும் அழிக்காதீர்கள், எந்தக் குழுவிலிருந்தும் வெளியேறாதீர்கள், சோதனை பற்றி வெளியே யாரிடமும் பேசாதீர்கள். நெதர்லாந்து ஆணையம் 2019-இல் ஒரு நிறுவனத்துக்கு 18.4 லட்சம் யூரோ அபராதம் போட்டது, சோதனையின்போது ஊழியர்கள் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து விலகி, உரையாடல்களை அழித்ததற்காக. வாசனைப் பொருள் நிறுவனமான ஐஎஃப்எஃப்-இல் மூத்த ஊழியர் ஒருவர் போட்டியாளருடன் நடத்திய வாட்ஸ்அப் உரையாடலை அழித்ததற்கு 2024-இல் பிரஸ்ஸல்ஸ் போட்டது 1.59 கோடி யூரோ. நிறுவனம் ஒத்துழைத்ததால் பாதியாகக் குறைக்கப்பட்ட தொகை அது.

கூடவே நிற்பவர்

ஒவ்வொரு அதிகாரியுடனும் உங்கள் ஆள் ஒருவர் இருக்கட்டும். ஐந்து அதிகாரி என்றால் ஐந்து ஆள். உதவி செய்வது அவர்களின் இரண்டாம் வேலை. முதல் வேலை எழுதுவது. எந்த அறை, எந்தக் கணினி, தேடலில் போட்ட சொற்கள், திறந்த கோப்பு, எடுத்த நகல் எல்லாவற்றையும் நேரத்தோடு குறிக்க வேண்டும். தேடற்சொற்கள் தங்கம் மாதிரி. ஆணையம் எதைத் தேடுகிறது, யார் தகவல் கொடுத்திருக்கக்கூடும் என்பதை அவற்றிலிருந்தே ஊகிக்கலாம். அன்று மாலை எடுக்க வேண்டிய முடிவுக்கு அது வேண்டும். அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு நகலுக்கும் உங்களுக்கு இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தரவு அதிகமாக இருந்தால் முழுவதையும் படியெடுத்துத் தங்கள் அலுவலகத்தில் தேடலைத் தொடரவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தத் தொடர்ச்சியும் அதே உத்தரவின் வேலிக்குள்தான். 2015-இல் ஐரிஷ் ஆணையம் சிமெண்ட் சோதனையில் ஒரு நிர்வாகியின் அஞ்சல் பெட்டியை மொத்தமாக எடுத்துப்போனது. விசாரணைக்குத் தொடர்பில்லாத அஞ்சல்களைத் திறந்து பார்க்கக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. எனவே மொத்தமாக அள்ளும்போது தடுக்காதீர்கள். ஆனால் தொடர்பில்லாதவை இதில் உள்ளன, பிரித்துத் தர வேண்டும் என்பதை அன்றே பதிவுசெய்யுங்கள். பிற்பாடு நினைவு வந்து எழுதுகிற ஆட்சேபத்துக்கு வலு குறைவு.

வழக்கறிஞருடன் நடந்த கடிதப் போக்குவரத்தைத் தனியே எடுத்து வைக்கக் கோருங்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரஸ்ஸல்ஸ் நடத்தும் சோதனையில், நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் வழக்கறிஞருடன் பேசியதற்குப் பாதுகாப்பு கிடையாது. 2010-இல் அக்ஸோ நோபெல் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் இது முடிவான சங்கதி. தேசிய ஆணையத்தின் சோதனையிலோ அந்நாட்டு விதிதான் பேசும். அயர்லாந்தில் நிறுவனத்தின் சொந்த வழக்கறிஞருக்கும் பாதுகாப்பு உண்டு. ஒரே கடிதம் டப்ளினில் யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்துக் காப்பாற்றப்படும் அல்லது படிக்கப்படும். தகராறு வந்தால் உறையில் போட்டு முத்திரையிட்டு, முடிவை நீதிமன்றத்துக்கு விடச் சொல்லுங்கள்.

இயக்குநர்கள், ஊழியர்களின் வீட்டையும் சோதிக்கலாம். அதற்கு, தொடர்புள்ள ஆவணம் அங்கே இருக்கிறது என்ற நியாயமான சந்தேகமும் நீதிமன்ற முன் அனுமதியும் கட்டாயம். வீட்டு வாசலில் அனுமதிக் கடிதம் இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது.

எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்

சோதனையின் பொருளோடு தொடர்புள்ள உண்மைகளுக்கும் ஆவணங்களுக்கும் விளக்கம் கேட்கலாம். இந்த அட்டவணையில் 'கே.எம்.' என்பது யார், மார்ச் 12 கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், இந்தக் கோப்புறையின் கடவுச்சொல் என்ன என்பவற்றுக்கு உண்மையான பதில் தர வேண்டும். அந்தக் கூட்டத்தில் விலையை ஏற்றுவதென்று ஏன் முடிவு செய்தீர்கள் என்பது வேறு ரகம். தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தக் கூடாது. 1989-இன் ஆர்கெம் தீர்ப்பிலிருந்து வரும் இந்த வரம்பை நெறியாணையும் எழுத்தில் வைத்திருக்கிறது.

பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். ஊகித்துச் சொன்ன பதில் தவறாகப் போனால் திசைதிருப்பியதாக வந்து நிற்கும். பேசியது எழுத்தில் வரும். கையொப்பமிடும் முன் படித்துத் திருத்துங்கள்.

சீல்

ஒரே நாளில் முடியாவிட்டால் அறைக்கு சீல் வைத்துவிட்டுப் போவார்கள். 2006 மே மாதம் மியூனிக்கில் ஈ.ஆன் எனர்ஜி நிறுவனத்தில் அப்படி ஒரு கதவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டது. பிரித்தால் ஒட்டிய இடத்தில் 'செல்லாது' என்ற பொருளில் எழுத்துகள் தெரியும் வகைப் படலம். மறுநாள் காலை அந்த எழுத்துகள் தெரிந்தன. படலம் பழையது, கதவின் அதிர்வு, துப்புரவுப் பணியாளர் பயன்படுத்திய துடைக்கும் திரவம் என்று நிறுவனம் பல காரணங்களைச் சொன்னது. ஒன்றும் நிற்கவில்லை. அபராதம் 3.8 கோடி யூரோ. 2012-இல் நீதிமன்றத்தில் உறுதியானது. கவனக்குறைவால் உடைந்தாலும் இதே கதிதான் என்பதால் செய்ய வேண்டியது எளிது: கதவுக்கு முன் ஆள் போடுங்கள், அறிவிப்பு ஒட்டுங்கள், அந்த மாடிக்கு அன்றிரவு துப்புரவு வேலை வேண்டாம் என்று ஒப்பந்தக்காரருக்குச் சொல்லுங்கள். இரவுக் காவலருக்கும், அவருக்குப் புரியும் மொழியில்.

நடைமுறை மீறலுக்கான இந்த அபராதம் ஜெர்மனியிலும் பிரான்சிலும் உலகளாவிய விற்றுமுதலில் 1 விழுக்காடு வரை போகலாம். கார்டெல் இருந்ததா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அன்று மாலையே எடுக்க வேண்டிய முடிவு

அதிகாரிகள் காபி குடிக்கும் நேரத்தில் வழக்கறிஞர் உங்களிடம் கேட்கப்போகும் கேள்வி ஒன்றே: இது உண்மையா? ரகசியக் கார்டெல் என்றால் மன்னிப்புத் திட்டம் திறந்திருக்கிறது. முதலில் வந்து சொன்னவருக்கு முழு விலக்கு, அடுத்தவர்களுக்குக் குறைப்பு. சோதனை நடந்துவிட்டது என்பதால் முழு விலக்கு போய்விட்டதென்று எண்ண வேண்டாம். மீறலை நிரூபிக்கப் போதுமான சான்றை, வேறு யாரும் தருவதற்கு முன் தந்தால் இன்னும் கிடைக்கும். மற்றவர்களை மிரட்டிக் கார்டெலில் சேர்த்தவருக்கு மட்டும் முழு விலக்கு கிடையாது.

சான்றைத் திரட்ட நாளாகும். அதற்காகத்தான் 'மார்க்கர்'. பஸ் ஜன்னல் வழியே சீட்டில் துண்டு போட்டு வைப்பது மாதிரி, வரிசையில் இடம் பிடித்துக்கொண்டு பிறகு ஆவணத்தோடு வருவது. துண்டு போடத் தேவையானவை: நிறுவனத்தின் பெயர், முகவரி, எதனால் வந்து சொல்கிறீர்கள், உடந்தையானவர்களின் பெயர்கள், எந்தப் பொருள், எந்தப் பகுதி, எவ்வளவு காலம், என்ன வகை நடத்தை, வேறு எந்த ஆணையத்திடம் போயிருக்கிறீர்கள் அல்லது போகப்போகிறீர்கள். வாய்மொழியாகவும் சொல்லலாம், அமெரிக்க நீதிமன்றங்களில் நஷ்ட ஈடு கேட்பவர்கள் கையில் காகிதம் சிக்காமலிருக்க, பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பலர் சறுக்குவது இங்கே: ஓர் ஆணையத்தில் துண்டு போட்டால் ஐரோப்பா முழுக்க இடம் கிடைத்தது என்று நினைப்பது. அப்படி ஒரே ஜன்னல் கிடையாது. பிரஸ்ஸல்ஸில் கொடுத்த மனுவும் தேசிய ஆணையத்திடம் கொடுத்த மனுவும் தனித்தனி என்று 2016-இல் டிஎச்எல் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்றுக்கு மேற்பட்ட நாடுகளைத் தொடும் விவகாரத்தை பிரஸ்ஸல்ஸிடம் கொண்டுபோகிறீர்கள் என்றால், அந்தந்த தேசிய ஆணையத்திடம் சுருக்க மனுவும் கொடுத்து வையுங்கள். வழக்கமாக, பிரஸ்ஸல்ஸ் கைவிட்டால்தான் முழு மனு கேட்பார்கள். வரிசையில் உங்கள் இடம் சுருக்க மனு கொடுத்த நேரத்திலிருந்தே கணக்காகும்.

மனு கொடுக்க யோசிக்கிறோம் என்பதைப் போட்டியாளரிடம் கசியவிட்டாலோ, ஒரு ஆவணத்தை அழித்தாலோ தகுதி போய்விடும். சோதனை நாளன்று பதற்றத்தில் யாரோ அழித்த ஒரு வாட்ஸ்அப் உரையாடல், தடங்கல் அபராதத்தோடு முழு விலக்கையும் சேர்த்துப் பறித்துக்கொண்டு போகலாம்.

அடுத்து வரும் மாதங்கள்

தகவல் கோரும் கடிதங்கள் வரும். கெடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்பது விதி. போதாது என்றால் கடைசி நாளில் அல்ல, கடிதம் வந்த வாரத்திலேயே, எந்தக் கேள்விக்கு எத்தனை நாள் வேண்டும் என்று பிரித்துக் கேளுங்கள்.

ஒரு நாட்டில் எடுத்த ஆவணம் அந்த நாட்டிலேயே இருக்காது. 101, 102 பிரிவுகளை அமல்படுத்துவதற்காக ஆணையங்கள் தங்களுக்குள் சான்றைப் பரிமாறிக்கொள்ளலாம். எந்த விஷயத்துக்காக எடுத்ததோ அதற்கே பயன்படுத்தலாம். மாட்ரிடில் ஒரு பதிலும் லிஸ்பனில் வேறு பதிலும் எழுதும் கிளைகள் தங்களுக்குத் தாங்களே சாட்சியாகிவிடுகின்றன. எல்லாப் பதிலும் ஒரே மேசை வழியாகப் போகட்டும்.

போட்டிக்கு ஈடுசெய்ய முடியாத பெரும் பாதிப்பு உடனே வரும் என்றும், மேலோட்டமாகப் பார்த்தாலே மீறல் தெரிகிறது என்றும் கருதினால் இறுதி முடிவுக்கு முன்பே இடைக்கால உத்தரவு போடலாம். இதை இலேசாக எடுக்க வேண்டாம். செய்தி நிறுவனங்களோடு நல்லெண்ணத்துடன் பேச்சு நடத்தும்படி பிரெஞ்சு ஆணையம் 2020 ஏப்ரலில் கூகுளுக்கு இடைக்கால உத்தரவு போட்டது. அதைச் சரிவரப் பின்பற்றவில்லை என்று 2021 ஜூலையில் விதித்த அபராதம் 50 கோடி யூரோ.

உறுதிமொழி கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ளும் வழியும் உண்டு. ஆணையம் சந்தையில் உள்ள மற்றவர்களிடம் கருத்துக் கேட்டு, ஏற்றால் அது கட்டாயமாகிவிடும். ஆதிக்க நிலை வழக்குகளுக்கு இது பொருந்தும். ரகசியக் கார்டெலுக்கு இதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். அரைகுறைத் தகவலின் பேரில் பெற்ற முடிவானால் வழக்கை மறுபடி திறப்பார்கள்.

ஒன்றை மட்டும் தேசிய ஆணையத்திடம் கேட்டுப் பயனில்லை: 'நீங்கள் 102-ஐ மீறவில்லை' என்ற நற்சான்றிதழ். நடவடிக்கைக்குக் காரணம் இல்லை என்று கோப்பை மூடத்தான் அதனால் முடியும். மீறல் இல்லை என்று தீர்ப்பு சொல்லும் அதிகாரம் பிரஸ்ஸல்ஸுக்கே என்று 2011-இல் டெலி2 போல்ஸ்கா வழக்கில் முடிவானது. கோப்பை மூடிய கடிதத்தைக் காட்டி வங்கியிடமோ வாங்குபவரிடமோ 'குற்றமற்றவர்' என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மீறல் என்று முடிவெடுக்கப்போகும் தேசிய ஆணையம் குறைந்தது 30 நாள் முன்னதாக பிரஸ்ஸல்ஸுக்குத் தெரிவிக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸ் தானே நடவடிக்கை தொடங்கினால் தேசிய ஆணையத்தின் கை விலகும்.

அபராதக் கணக்கு

தவறாகக் கணக்குப் போடுவது பெரும்பாலும் இங்கே. உச்சவரம்பு குறைந்தது உலகளாவிய மொத்த விற்றுமுதலில் 10 விழுக்காடாக இருக்க வேண்டும். முடிவெடுக்கும் ஆண்டுக்கு முந்தைய நிதியாண்டின் கணக்கு. மீறல் நடந்த நாட்டு விற்பனையை வைத்து வரம்பு போடுவதில்லை. உதாரணத்துக்கு, ஆஸ்திரியக் கிளையின் விற்பனை 4 கோடி யூரோ, குழுமத்தின் விற்பனை 200 கோடி யூரோ என்று கொள்ளுங்கள். தாய் நிறுவனமும் பொறுப்பாளி என்றானால் வரம்பு 40 லட்சம் அல்ல, 20 கோடி. உண்மையில் போடும் தொகை மீறலின் தீவிரத்தையும் காலத்தையும் பார்த்து அதற்குள் அமையும்.

தொழில் சங்கங்களுக்கு இன்னும் கடுமை. சங்கத்தின் மீறல் உறுப்பினர்களின் தொழிலோடு தொடர்புள்ளது என்றால், அந்தச் சந்தையில் இயங்கும் உறுப்பினர்கள் அனைவரின் விற்றுமுதலையும் கூட்டி 10 விழுக்காடு. சங்கத்தால் கட்ட முடியாவிட்டால் உறுப்பினர்களிடம் வசூலிக்க வேண்டியிருக்கும். விலைப் பட்டியல் சுற்றுக்கு விடும் சங்கக் கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரும் இந்தக் கணக்கில் வருவார். அபராதம் போட்ட நாட்டில் உங்களுக்குப் போதிய சொத்து இல்லை என்றால், சொத்து இருக்கும் நாட்டின் ஆணையம் அவர்களுக்காக வசூலித்துக் கொடுக்கும்.

காலாவதியை நம்பி உட்காருபவர்களுக்குக் கடைசியாக: அபராதம் விதிப்பதற்கான காலவரம்பு, அதே மீறலைப் பற்றி வேறு எந்த உறுப்பு நாட்டு ஆணையமோ பிரஸ்ஸல்ஸோ நடவடிக்கையில் இருக்கும்வரை நின்றுவிடும். வியன்னாவில் நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டிருக்கும்போது வார்சாவில் கடிகாரத்தை நிறுத்தி வைத்திருக்கலாம்.